பொட்டு வைத்த உலை

செப்டம்பர் 24, 1973, திங்கள்

அறுபத்தெட்டு. இன்றைய ஒளிர்பொடிக்கு ஒளி மீட்டர் போட்ட மார்க். வெளிநாட்டுத் திரைக்கு நூறு என்று வைத்துக்கொண்டால் எனக்கு அறுபத்தெட்டு. பரீட்சையாக இருந்தால் முதல் வகுப்பு! ஆனால் பொன்ராஜுக்கு அது போதாது. படிகத்தின் மேல் எக்ஸ்ரே பாய்ச்சி, சிதறி வரும் புள்ளிகளைப் பதிவுசெய்யும் கருவி கட்டுகிறார். அந்தப் புள்ளிகள் விழுந்து ஒளிர வேண்டிய திரைக்குத்தான் என் பொடி. பொடி மங்கினால் மெலிந்த புள்ளியெல்லாம் காணாமல் போகும்.

"ஒங்க பொடி நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் கண்ணு தெரிய மாட்டேங்கு" என்கிறார். திருநெல்வேலி மரியாதை ஆளைக் கொல்லும்.

அக்டோபர் 31க்குள் நான் நூறைத் தொடாவிட்டால் டெல்லிக்கு இறக்குமதி விண்ணப்பம் போய்விடும். ஆறு பிரதி, கார்பன் வைத்து டைப் அடித்துத் தயாராக வைத்திருக்கிறார். திரையே வெளியிலிருந்து வந்துவிட்டால் நான் எதற்கு? டிசம்பரோடு என் ஆராய்ச்சி முடிந்தது என்று பேராசிரியர் சுந்தரராமன் சொல்லிவிட்டார். குப்பியில் காடோலினியம் ஆக்ஸைடு இன்னும் இரண்டு தடவைக்குத்தான் இருக்கிறது. அது இல்லாமல் பொடி இல்லை.

செப்டம்பர் 28, வெள்ளி

புடவையெல்லாம் பொடியில் சேர்க்கும் கந்தகத்தின் வாடை. "தீபாவளிக்கு இன்னும் ஒரு மாசம் இருக்குடி நீரஜா" என்றாள் அம்மா.

அக்டோபர் 4, வியாழன்

மிச்சமிருந்ததில் பாதியை மூசைக் கிண்ணத்தில் போட்டு இன்று மதியம் உலையில் வைத்தேன். ஆயிரத்து நூற்றைம்பது டிகிரி. ஆறு மணிக்கு இடுக்கியால் மூசையைச் சூட்டோடு வெளியே எடுத்து ஆறவைக்க வேண்டும். எப்போதும் அப்படித்தான். ஆனால் அம்மாவின் உத்தரவு வேறு: "இன்னிக்காவது வெளக்கேத்தறதுக்குள்ள ஆத்துக்கு வந்துடு. கொலுவுக்கு வர்றவாளுக்கெல்லாம் நான் ஒருத்தியே வெத்தலை பாக்கு குடுத்துண்டு நிக்கணுமா?"

ஆய்வக உதவியாளர் கபாலி என்னைவிட அந்த உலையை நன்றாக அறிந்தவர். அவரிடம் ஒப்படைத்துவிட்டு மயிலாப்பூர் பஸ்ஸைப் பிடித்தேன். "நீ போம்மா, நான் பாத்துக்கறேன்" என்றார். கொலுவில் இரண்டு பாட்டு பாடினேன். சுண்டல் பிரமாதம்.

அக்டோபர் 5, வெள்ளி

லீவுதான். பொறுக்காமல் கிண்டிக்குப் போனேன். ஆய்வக வாசலில் உடைத்த பூசணிக்காய். பூட்டிய ஜன்னல் வழியே பார்த்தால் உலைக் கதவில் சந்தனம், குங்குமம், ஒரு முழம் கதம்பம். மூசை வெளியே இல்லை. உள்ளேயே இருக்கிறது!

பின்னால் குடியிருப்பிலிருந்து கபாலி ஆய்வகச் சாவியோடு வந்தார். "ஆறு மணிக்கு கரெக்டா ஆஃப் பண்ட்டேன்மா."

"வெளியில எடுக்கலையா?"

"பூஜ போட்ட அடுப்ப எப்டிம்மா தொறக்கறது? அல்லாரும் சாமி கும்ட்டுகினு கீறாங்க, நான் போய் இடுக்கியத் தூக்கினா ஐயா இன்னா சொல்வாரு? நாளிக்கு விஜயதசமி. மொத வேலையா தொறந்துரலாம்."

கத்திவிட்டேன். நன்றாகவே கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றாரே தவிர சாவியை இடுப்பிலிருந்து எடுக்கவில்லை. பஸ்ஸில் அழுதேன். மறுநாள் லீவு என்றால் ஆய்வகத்தில் முந்தின சாயங்காலமே ஆயுத பூஜை. வருஷா வருஷம் பொரி வாங்கித் தின்றவளுக்குத் தெரியாதா? சுண்டலுக்கு ஓடினேனே. நன்னா வேணும் நேக்கு. இன்னும் ஒரே ஒரு தடவைதான் —

அக்டோபர் 6, சனி

நூற்று மூன்று!

கபாலி காலையில் கற்பூரம் காட்டிக் கதவைத் திறந்தார். அழாத குறையாகப் பொடியை மீட்டரில் வைத்தேன். நூற்று மூன்று. மீட்டர் கெட்டுவிட்டது என்று வெளிநாட்டுத் திரையை வைத்தேன்: நூறு. மறுபடி என்னுடையது: நூற்று மூன்று.

முப்பத்தாறு மணி நேரம் மூடிய உலைக்குள் மெள்ள மெள்ள ஆறியிருக்கிறது. அதுதானா? இத்தனை மாதமாகச் சூட்டோடு வெளியே இழுத்து நானே மங்க அடித்துக்கொண்டிருந்தேனா?

"பாத்தியா, பொட்டு வேல செஞ்சிகீது" என்றார் கபாலி. நேற்றுக் கத்தியது நாலு பேருக்குக் கேட்டிருக்கும். மன்னிப்பை மட்டும் மெதுவாகக் கேட்டுக்கொண்டேன். சிரித்தார்.

அக்டோபர் 8, திங்கள்

பொன்ராஜ்: "ஒரு தடவ வந்தா அதிர்ஷ்டம். ரெண்டாந் தடவயும் வந்தாத்தான் பொடி." கோபம் வந்தது. நியாயம் என்பதால் இன்னும் கோபம்.

அக்டோபர் 17, புதன்

குப்பியைச் சுரண்டிவிட்டேன். நேற்று மாலை ஆறு மணிக்கு உலையை அணைத்தோம். யாரும் திறக்கக் கூடாது என்று நானே அட்டை எழுதி மாட்டினேன். கபாலி அட்டையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். "பொட்டும்மா?"

"அதெல்லாம் வேண்டாம்."

அவர் போனதும் கைப்பையிலிருந்து குங்குமம் எடுத்து நானே வைத்தேன். சென்ற முறை செய்ததில் எதையும் மாற்றக் கூடாது, அவ்வளவுதான். நாளைக் காலை திறக்கிறோம். பயமாக இருக்கிறது.

அக்டோபர் 31, புதன்

நாட்குறிப்பு வீட்டில். இதைத் தனித்தாளில் எழுதுகிறேன், பிறகு ஒட்டிக்கொள்ள வேண்டும். பொன்ராஜ் காலையிலிருந்து கருவிக்குள் தலையை விட்டுக்கொண்டு, இரண்டாந் தடவையும் நூறைத் தாண்டிய என் பொடியின் திரையை மாட்டிக்கொண்டிருக்கிறார். பேராசிரியர் என் கட்டுரையில் 'ஆயுத பூஜை' என்ற இடத்தைச் சிவப்பு மையால் அடித்து, 'முப்பத்தாறு மணி நேரம் உலையிலேயே ஆறவிடப்பட்டது' என்று எழுதிக் கொடுத்தார். நன்றிப் பட்டியலில் கபாலியை அடிக்கவில்லை.

திருத்தி எழுதத் தாள் கேட்டேன். பொன்ராஜ் கருவியிலிருந்து தலையை எடுக்காமலே மேஜையைக் கை காட்டினார். "அந்தக் கட்ட எடுத்துக்கோங்க. பின்பக்கம் சும்மாத்தான கெடக்கு."

புரட்டிப் பார்த்தேன். இறக்குமதி விண்ணப்பம். ஆறு பிரதியும் இருந்தன. எதிலும் கையெழுத்து இல்லை.