கஞ்சி போட்ட இதயம்

குண்டலுபேட்டை
3.7.1996

அன்புள்ள மாரியம்மா அண்ணிக்கு,

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. மைசூருக்குக் காய்கறி ஏற்றிப்போகும் பசவராஜ் நேற்று வந்து, "நிம்ம அண்ணனிகே ஹார்ட் ஃபெயிலியர் அந்தே" என்றான். அண்ணனுக்கு ஹார்ட் ஃபெயிலியராம். பத்து நாளாயிற்றாம். அண்ணன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லையே! உடனே புறப்பட்டேன். பஸ் ஸ்டாண்டு போவதற்குள் மூச்சு முட்டி, என் வீட்டுக்காரர் திருப்பிக் கூட்டிவந்துவிட்டார். என் மகள் ரூபாவின் கல்யாணக் கோபத்தோடேயே போய்விட்டாரா அண்ணன்? கடைசியில் என்னைக் கேட்டாரா?

உங்கள் நாத்தனார்,
அன்னபூர்ணி

மண்டி மொஹல்லா, மைசூர்
6.7.1996

அன்னபூர்ணிக்கு,

அண்ணன் ரத்தினசாமி எழுதுவது. ஆம், நானேதான். "உங்க துக்கத்தைத்தான் விசாரிச்சிருக்கா, நீங்களே பதில் போடுங்க" என்கிறாள் உன் அண்ணி.

ஹார்ட் ஃபெயிலியர் என்றால் இதயம் நின்றுபோவது அல்ல. ஊரே அப்படித்தான் நினைக்கிறது. டாக்டர் சொன்னதும் நானும் பயந்து, நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படித்தேன். உடம்புக்கு வேண்டிய ரத்தத்தை இறைக்க இதயத்தால் முடியவில்லை, அவ்வளவுதான். தையற்காரன் பாஷையில் சொன்னால் இரண்டு விதம். ஒன்று தளர்ந்த எலாஸ்டிக். சுருங்கும் பலம் இல்லை. மற்றது கஞ்சி போட்ட துணி. விறைத்துப்போய், ரத்தம் நிரம்ப விரிந்து கொடுக்காது. என்னுடையது எலாஸ்டிக். மூன்று வருடத்துக்கு முன் வந்த மாரடைப்பின் மிச்சம். கஞ்சி வகை, பெரும்பாலும் கவனிக்காமல் விட்ட ரத்தக் கொதிப்பால் வருமாம். சர்க்கரையும் வால்வுக் கோளாறும்கூடக் காரணமாகலாம். இறைக்காத ரத்தம் பின்னால் தேங்கும். நுரையீரலில் நீர் கோத்தால் மூச்சு வாங்கும், படுத்தால் இன்னும் அதிகம். நீர் கீழே இறங்கினால் கால் வீங்கும்.

தாய்மாமன் நான் இருக்க, ரூபாவின் கல்யாண ரவிக்கையை வேறு தையற்காரனிடம் கொடுத்தாய். உன் வாசற்படி மிதிப்பதில்லை என்றேன், சொன்னது சொன்னதுதான். இப்போது நான் செத்தேன் என்று கேட்டும் நீ வரவில்லை. மூச்சு முட்டியதாம். நல்ல சாக்கு.

உயிரோடிருக்கும்,
ரத்தினசாமி

குண்டலுபேட்டை
10.7.1996

என் அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் வந்ததும் தெருவுக்கே சர்க்கரை கொடுத்தேன். திட்டுங்கள், காது குளிரக் கேட்கிறேன்.

ஆனால் சாக்கு இல்லை அண்ணா. சில மாதமாகவே இப்படித்தான். படுத்தால் திணறுகிறது, சுவரில் சாய்ந்தே தூங்குகிறேன். கால் வீங்கி, மெட்டி விரலில் புதைந்து, சோப்புப் போட்டுக் கழற்றினோம். வயசு என்று விட்டுவிட்டேன். தலைவலி நின்றதும் கொதிப்பு மாத்திரையையும் நிறுத்திவிட்டேன்.

ரவிக்கை விஷயம். நீங்கள் அப்போதுதான் மாரடைப்பு வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்தீர்கள். "மிஷின் மிதிக்கக் கூடாது, கேட்டா மாட்டேன்னு சொல்ல மாட்டார்" என்று அண்ணிதான் தடுத்தார். சொன்னால் அவரோடு சண்டை பிடிப்பீர்கள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

தங்கை,
அன்னபூர்ணி

மைசூர்
13.7.1996

அன்னபூர்ணி,

இதைப் பசவராஜிடம் கொடுத்தனுப்புகிறேன். தபாலுக்குக் காத்திருக்க முடியாது. புத்தகத்தில் நான் படித்ததை எல்லாம் நீ உன் காலைப் பார்த்து எழுதியிருக்கிறாய். நாளைக் காலை வாடகைக் காரில் வருகிறேன், என் டாக்டரிடம் போகிறோம். அதற்குள் திணறல் கூடினால் எனக்காக உட்கார்ந்திருக்காதே, அங்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போ.

வாசற்படி மிதிக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். ஆகவே தெருவில் காரிலேயே இருப்பேன். உன் வீட்டுக்காரரோடு நீ வெளியே வா.

ரவிக்கை பற்றி: என்னைக் கேட்டிருக்க வேண்டும்.

ரத்தினசாமி

குண்டலுபேட்டை
2.8.1996

அண்ணாவுக்கு,

ஆஸ்பத்திரியிலிருந்து நல்லபடியாக வீடு வந்தேன். நீர் பிரிய வைக்கும் மாத்திரையில் கால் வற்றிவிட்டது. மெட்டி தானாக ஏறுகிறது. மல்லாந்து படுத்துத் தூங்குகிறேன். என்னுடையது விறைத்த இதயம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து என் வீட்டுக்காரர் சிரிப்பை நிறுத்தவில்லை. "உங்க அண்ணனுக்கு எலாஸ்டிக்கு, உனக்குக் கஞ்சியா? டாக்டரு சீட்டை மாத்திட்டாரு!" என்கிறார்.

நீங்கள் காரில் விறைப்பாக உட்கார்ந்திருந்ததைத் தெருவே இன்னும் பேசுகிறது.

ஆவணியில் ரூபாவுக்கு வளைகாப்பு. ரவிக்கைத் துணி எடுத்தாயிற்று. யாரிடமும் கொடுக்கவில்லை. நீங்கள் மெதுவாகத் தைக்கலாம் என்று அண்ணியும் சொல்லிவிட்டார். அளவு ரவிக்கையோடு பார்சலில் அனுப்பட்டுமா?

அன்னபூர்ணி

மைசூர்
6.8.1996

அன்புள்ள அன்னபூர்ணிக்கு,

அளவு ரவிக்கை எதற்கு? பிள்ளைத்தாய்ச்சிக்குப் பழைய அளவு பொருந்துமா? நேரில்தான் அளவெடுக்க வேண்டும். அவளைத் தெருவில் நிற்க வைத்து அளவெடுக்க நான் என்ன கல்நெஞ்சனா?

ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணியோடு வருகிறேன். குழம்பில் உப்பைக் குறைத்துப் போடு. உனக்கும் சேர்த்துத்தான்.

அண்ணன்