காய்ச்சலைச் சொல்லாமல் போன அக்காவுக்கு

ஊசியை உதட்டில் கவ்விக்கொண்டே சிரிக்கத் தெரிந்த என் லில்லி அக்காவுக்கு,

உதியன்குளங்கரையில் உன் தையல்கடை இருந்த அறையில் இப்போது வீடியோ கேசட் வாடகைக்கு விடுகிறார்கள். பேருந்து அங்கே நிற்கும்போதெல்லாம் மறுபக்கம் திரும்பிக்கொள்கிறேன். இன்று உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். அதற்கு முன் ஒன்று கேட்கவும் வேண்டும்.

நம் இருவருக்கும் ஒரே நோய், ரத்தத்தில். திருவனந்தபுரத்து ஆசுபத்திரி வரிசையில்தான் உன்னை முதலில் பார்த்தேன். மடியில் யாருடைய ரவிக்கையையோ வைத்துக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாய்.

"இஞ்ச எதுக்கு இத கொண்டு வந்திய?" என்றேன்.

"டாக்டரு கூப்பிட நேரமாவும். கையி சும்மா இருந்தா மனசு கெடந்து ஓடும் மக்கா."

நம் ஊரில் நோயாளியைப் பார்க்க ஆரஞ்சும் ரொட்டியும் வாங்கி வருவார்கள். உன் கடைக்கும் வந்தார்கள். "பாவம், நீ ரெஸ்ட் எடு" என்று பையை வைத்துவிட்டு, தைக்கத் தந்திருந்த துணியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவர்கூடக் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அதுதான் உன்னை வாட்டியது. கல்யாண ரவிக்கைத் துணியை வாங்கிப் போக வந்த பெண்ணிடம் நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"ஆரஞ்ச வேணும்னா கொண்டு போங்க, துணிய வச்சிட்டுப் போங்க. தீனம் ரத்தத்திலயாக்கும், கையில இல்ல."

அவள் சிரித்துவிட்டாள். துணி தங்கியது.

அந்த ரவிக்கையைத்தான் காய்ச்சலோடு தைத்தாயா? சிகிச்சை நடக்கும்போது காய்ச்சல் வந்தால் உடனே வர வேண்டும் என்று டாக்டர் நம் இருவரிடமும் சொல்லியிருந்தார். உன் அம்மா கேட்டதற்கு, "வெயில்ல நின்னது, வேறொண்ணும் இல்ல" என்றாயாம். ரவிக்கை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நீதான் ஆசுபத்திரிக்குத் தாமதமாகப் போனாய், திரும்பி வரவில்லை. ஏனக்கா? ஒருமுறை முடியாது என்று சொன்னால் எல்லாத் துணியும் போய்விடும் என்று பயந்தாயா?

கோபத்தோடுதான் கேட்கிறேன். ஆனால் அந்தப் பயம் எனக்கும் தெரியும். பாறசாலை டுட்டோரியலில் நான் பாடம் எடுத்துவந்த பத்தாம் வகுப்பை வேறொரு டீச்சருக்குக் கொடுத்துவிட்டார்கள். நடத்துகிற சார் கனிவாகத்தான் சொன்னார்: "டீச்சர் சுகமாயிட்டு வந்தா போதும்." வீட்டில் புத்தகங்களைத் திறந்து வைத்துக்கொண்டேன். பக்கங்கள்தான் புரண்டன, ஒரு வரியும் உள்ளே போகவில்லை. கடைசியில் உன்னைப்போலவே துணிந்து, சாரிடம் போய் நின்றேன்.

"ஊசி போடுற வாரம் வரமாட்டேன் சார். மத்த வாரம் உட்கார்ந்துட்டே எடுக்கேன். பாதிப் பாடமாவது எனக்கு வேணும்."

திங்கட்கிழமையிலிருந்து வரச் சொன்னார்.

இன்று அந்தத் திங்கள். விடிந்ததிலிருந்து உடம்பு கொதிக்கிறது.

புடவைகூடக் கட்டிவிட்டேன் அக்கா. மாத்திரை போட்டால் மதியம் வரை ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன். அம்மா நெற்றியைத் தொட வந்தபோது விலகிக்கொண்டேன்.

"என்னட்டி, மொகம் செவந்து கெடக்கு?"

வெயில் என்று சொல்ல வாயெடுத்தேன். வெளியே வெயிலே வந்திருக்கவில்லை.

"காய்ச்சலும்மா" என்றேன்.

அம்மா ஜீப் பிடிக்க ஓடியிருக்கிறாள். டுட்டோரியலுக்கு அண்ணன் போயிருக்கிறான். "வகுப்ப யாருக்கும் குடுத்துர வேண்டாம், நான் வாறேன்னு சொல்லு" என்று சொல்லி அனுப்பினேன். சார் கேட்பாரா? முதல் நாளே வராதவளுக்காக யார் காத்திருப்பார்கள்? தெரியவில்லை. கொடுத்துவிட்டால் மறுபடி போய்க் கேட்க வேண்டியதுதான்.

காய்ச்சலை இனி யாரிடமும் மறைக்க மாட்டேன், இது உனக்குத் தரும் வாக்கு. அதற்காக வகுப்பை விட்டுக்கொடுத்துவிடுவேன் என்று மட்டும் நினைக்காதே. ஜீப் வந்துவிட்டது, போகிறேன்.

குன்னத்துகாலிலிருந்து,
உன் கூடப் பிறக்காத தங்கை