வரப்புக்கு அந்தப் பக்கத்து வடிகால்

மாப்பிள்ளை,

இன்று காலை மஞ்சள் காட்டில் ஒரு தூரைப் பிடுங்கினேன். கிழங்கை விரலால் அழுத்தியதும் தோல் உள்ளே போய் அழுகல் நாற்றம் அடித்தது. வேரெல்லாம் நூலாக உதிர்ந்தது. அடுத்த தூரும் அப்படியே. உங்களிடம் சொல்லத்தான் வடபுறம் உங்கள் காட்டுப் பக்கம் திரும்பினேன். நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது.

என் தங்கையை நீங்கள் கட்டுவதற்கு முன்பே நமக்கு ஒரே கிணற்றில் பங்கு. ஒருநாள் என் முறை, ஒருநாள் உங்கள் முறை. உங்கள் நிலம் தாழ்வு. கார்த்திகை பிறந்துவிட்டால் நீங்கள் மோட்டாரைத் தொட மாட்டீர்கள். குளிரில் மண் காயாது, ஈரம் நின்றால் வேருக்கு மூச்சு முட்டும் என்பீர்கள். நானோ மார்கழியிலும் என் முறையை விட்டதில்லை. முறையை ஒரு நாள் விட்டுக்கொடுத்தால் மறுநாளும் கேட்பார்கள். இது எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, நானே பட்டுக் கற்றது.

என் தண்ணீர் கசிந்து உங்கள் மஞ்சள் அழுகியது. வரப்பில் வந்து நின்றீர்கள்.

“ஏனுங்க மச்சான், மஞ்சளுக்குத் தண்ணி உடறீங்களா, எனக்குக் காட்டறதுக்கு உடறீங்களா?”

“என்ற முறை, நான் உடறேன். வேண்டாம்னா நின்னு வேடிக்கை பாருங்க.”

சிரித்துவிட்டுப் போனீர்கள். மறுவாரம் உங்கள் நிலத்திலேயே இரண்டு பாத்தியை அழித்து, வரப்பை ஒட்டி இடுப்பளவு வடிகால் வெட்டி ஓடையில் சேர்த்தீர்கள். என்னை அவமானப்படுத்தத்தான் வெட்டினீர்கள் என்று ஒரு வருஷம் பேசாமல் இருந்தேன். அதற்குப் பிறகு எந்த மார்கழியிலும் என் மஞ்சள் அழுகியதில்லை. என் கைராசி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

இந்த ஆடியில் உங்கள் மகன் நிலத்தை விற்றுவிட்டான். வாங்கியவர்கள் லாரியில் மண்ணடித்து மேடாக்கி மனை பிரித்தார்கள். வடிகால் மூடிப்போயிற்று. கார்த்திகை மழை வடிய வழியில்லாமல் என் காட்டிலேயே நின்றது. இந்த வருஷம் கார்த்திகை பிறந்ததிலிருந்து என் முறை நாளில் மோட்டாரைப் போடவே இல்லை, மாப்பிள்ளை. அப்படியும் அழுகுகிறது.

மண்வெட்டியை எடுத்து நானே ஒரு வாய்க்கால் இழுத்துப் பார்த்தேன். வெட்டிய குழியிலேயே தண்ணீர் நிற்கிறது. கொண்டுபோய் விடத் தாழ்ந்த இடம் எங்கும் இல்லை. மாசியில் மஞ்சள் வெட்ட ஒரு பாத்தியாவது மிஞ்சும் என்று எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் வடிகால்தான் என் வேரையும் காத்தது. நீங்கள் இருந்திருந்தால் இதை ஒருநாளும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டேன். இப்போது சொல்ல ஆளில்லை. நானே வைத்துக்கொண்டிருக்கிறேன்.