வீட்டில் கல்யாணமே நடந்தாலும்

கம்பம்,
விஷு வருஷம் ஆடி மாதம் 5-ம் தேதி

சிரஞ்சீவி மகன் அம்மாவாசிக்கு அய்யா ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், உன் சித்தப்பா மகன் கருத்தக்கண்ணனுக்கு மட்டும் காய்ச்சல் கண்டு இன்றுதான் கஞ்சி குடித்தான். மலாயாவில் ஈப்போவில் நீயும் உன்னோடு தங்கியிருக்கிற நம் பக்கத்துப் பிள்ளைகளும் சுகம் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் உன் அம்மாவுக்குச் சோறு இறங்குகிறது, ஆகையால் இரண்டு வரியானாலும் எழுதிப் போடு. பேப்பரில் ஜப்பான்காரனைப் பற்றி ஏதேதோ போடுகிறான். அங்கே சண்டை வராது என்று நீ எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன், நம்பினாளா என்று தெரியவில்லை.

உன் கடிதத்தில் கேட்டிருந்தாய், தங்கச்சி பஞ்சம்மாள் கல்யாணத்தில் பெற்ற தகப்பன் நிற்காமல் பஸ்ஸில் சீட்டுக் கிழித்துக் கொண்டிருந்தான் என்று மாமா எழுதியிருக்கிறாரே, நிஜமா என்று. நிஜம்தான். மாமா எழுதியதில் பொய் இல்லை, ஆனால் பாதிதான் எழுதியிருக்கிறார், மீதியை நான் எழுதுகிறேன், பொறுமையாக வாசி.

போன தை மாதம் நம் பஸ்ஸுக்குப் பர்மிட் கிடைத்தது என்று மட்டும் உனக்கு எழுதினேன், எப்படிக் கிடைத்தது என்று எழுதவில்லை. மதுரையில் பர்மிட் கொடுக்கிற போர்டு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். கம்பத்திலிருந்து கூடலூர் வழியாக லோயர் கேம்ப் வரைக்கும்தான் நாம் கேட்ட லைன், அதற்கு மேலே மலை ஏறினால் திருவிதாங்கூர் சமஸ்தானம், அங்கே ஓட்ட வேறு அனுமதி வாங்க வேண்டும், அது நமக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இந்தச் சின்ன லைனுக்கும் எட்டுப் பஸ் வைத்திருக்கிற தேனிக் கம்பெனிக்காரர் ஆட்சேபம் கொடுத்திருந்தார். அவருடைய வக்கீல் எழுந்து, இவர் ஒற்றை வண்டிக்காரர், அதுவும் சம்சாரி, சித்திரை வந்தால் வீரபாண்டித் திருவிழாவுக்கும் தை வந்தால் மச்சினன் கல்யாணத்துக்கும் வண்டியைத் திருப்பிவிடுவார், கூலிக்குப் போகிற ஜனம் ரோட்டில் நிற்கும் என்று சொல்லி என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. யாரும் கேட்காமலே எழுந்து, “என் வீட்டுல கல்யாணமே நடந்தாலும் லைன்ல வண்டி நிக்காதுங்க, எழுதிக்கங்க” என்று சொன்னேன். பெரிய அதிகாரி சிரித்தார், நல்லது என்றார், சொன்னபடியே எழுதிக்கொண்டார். வீட்டுக்கு வந்த உத்தரவில், குறித்த நேரத்துக்கு ஒரு நடையும் தவறாமல் ஓட்டுவதாக மனுதாரர் தாமே ஒப்புக்கொண்டிருக்கிறார், முன் அனுமதி இல்லாமல் நிறுத்தினால் பர்மிட் ரத்தாகும் என்று அது முதல் நிபந்தனையாக வந்திருந்தது. நானும் உன் சித்தப்பாவும் அதைச் சந்தோஷமாகத்தான் வாசித்தோம். ஆற்றோரத்து வயலை விற்று வாங்கின வண்டி, பர்மிட் போனால் அது ரோட்டில் நிற்கிற வெறும் இரும்பு என்பது உனக்குத் தெரியும்.

வைகாசியில் தேவாரத்துச் சம்பந்தம் கூடி வந்தது. ஆனியில் நாள் சரியில்லை, ஆடி ஆகாது, இந்த முகூர்த்தத்தை விட்டால் ஆவணிதான் என்று மாப்பிள்ளை வீட்டில் அவசரப்படுத்தினார்கள். சொந்தபந்தம் எல்லாம் நம் வண்டியில்தான் பெண் போகிறது என்று முடிவே செய்துவிட்டது, உன் அத்தை வாழை மரம் கட்டுவதற்கு வண்டியை அளந்துகூடப் பார்த்துவிட்டாள். நான் மதுரைக்குப் போய் ஒரு நாளைக்கு அனுமதி கேட்டேன். அங்கிருந்த குமாஸ்தா நல்ல மனிதர், காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இருக்கிறது ஒரு வண்டி, அது கல்யாணத்துக்குப் போயிட்டா லைன்ல எதை ஓட்டுவீக? வேற வண்டி இருந்தாக் காட்டுங்க, இல்லைன்னா இந்த மனுவைக் கொண்டுபோயிருங்க, உள்ள குடுத்தா அதுவே உங்களுக்கு எதிராப் போகும்” என்றார். மனுவை மடித்து மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். கடைசியில் பெண்ணும் பெண் வீட்டாரும் தேவாரத்துக்குப் போனது தேனிக் கம்பெனியின் வண்டியில். அவர்களுடைய ஏஜெண்டு பன்னீர்ச் செம்போடு வண்டி வாசலில் நின்று வரவேற்றான், அவனுக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் மாப்பிள்ளை வீட்டாருக்குக்கூட இருந்திருக்காது.

வண்டி போகாவிட்டால் என்ன, நீங்கள் போயிருக்கலாமே என்றுதான் நீயும் கேட்பாய். டிரைவர் ஏசுதாசன் ஓட்டுவான், ஆனால் கண்டக்டர் லைசென்ஸ் வில்லை இருப்பது கருத்தக்கண்ணனுக்கும் எனக்கும்தான், வேறு ஆள் போட்டால் அதற்கும் மதுரையில் எழுதி வாங்க வேண்டும். மாப்பிள்ளையின் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வரப் பெண்ணுக்குக் கூடப்பிறந்தவன் வேண்டும். நீ அங்கே இருக்கிறாய், உன் இடத்தில் நிற்கக் கருத்தக்கண்ணனை விட்டால் ஆள் இல்லை. அவன் உன் இடத்துக்குப் போனான், நான் அவன் இடத்துக்கு வந்தேன். இதை உன் மேல் குறையாக எழுதவில்லை, நடந்ததை எழுதுகிறேன். தாரை வார்த்துக் கொடுத்தது சித்தப்பாவும் சித்தியும்.

அன்றைக்குப் பெரிய முகூர்த்தம், லைனில் ஜனமே இல்லை. ஏலத்தோட்டத்துக்குப் போகிற கூலியாட்கள் கொஞ்சம் பேர், கூடலூரில் ஏறின ஒரு கருவாட்டுக் கூடைக்காரி, அவ்வளவுதான். ஏழரை மணிக்கு வண்டி லோயர் கேம்ப்பில் நின்றது. ஏசுதாசன் இறங்கி வந்து, “அண்ணாச்சி, இந்நேரம் தாலி ஏறியிருக்கும்” என்றான். அவன் திரும்ப ஏறிப் போய் அந்த ரப்பர் ஹாரனை விடாமல் அமுக்க ஆரம்பித்தான். என்னடா என்று கத்தினேன். “கெட்டிமேளம் அண்ணாச்சி, நம்ம வண்டி அதுக்காவது ஆகட்டும்” என்றான். மலையேறப் போனவர்கள் திரும்பிப் பார்த்து, “ஏலே, யாருக்குலே கல்யாணம், காருக்கா” என்று கேட்டுச் சிரித்தார்கள். கூடைக்காரி மட்டும் சிரிக்காமல் என் முகத்தையே பார்த்தாள். நான் ரோட்டோரத்து மரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன். எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டும், கிளம்பினோம்.

மறுவீடு வந்தபோது பஞ்சம்மாள் என் காலில் விழுந்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. உன் அம்மா அன்றிலிருந்து எனக்குச் சோறு போடுகிறாள், பேச்சு இல்லை, சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொல்கிறாள். ஆடிக்குப் பெண்ணை அழைக்கச் சித்தப்பா போனார், அய்யா வந்து கூப்பிட்டால்தான் வருவேன் என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டாள். ஆனி கடைசி நாளில் கருத்தக்கண்ணனிடம் டிக்கெட் பையைக் கொடுத்துவிட்டு நானே புறப்பட்டேன். தேவாரத்துக்குத் தேனிக் கம்பெனி வண்டிதான். “என்ன மாமா, சொந்த வண்டி கோவிச்சுக்கிருச்சா, முதலாளிக்கு எதுக்கு டிக்கெட்டு, சும்மா உக்காருங்க” என்று அவர்களுடைய கண்டக்டர் ஊரே கேட்கச் சொன்னான். டிக்கெட் வாங்கித்தான் உட்கார்ந்தேன். சம்பந்தி வீட்டில் பெரியவர்கள் கௌரவமாகவே நடத்தினார்கள். பஞ்சம்மாள் கதவோரம் வந்து நின்று முதலில் கேட்டது, “இன்னைக்கு வண்டி ஓடுதாய்யா?” என்றுதான். ஓடுகிறது என்றேன். “அப்பச் சரி” என்று உள்ளே போய்த் துணிமூட்டையை எடுத்து வந்தாள்.

கம்பம் ஸ்டாண்டில் வந்து இறங்கினால் நம் வண்டி புறப்படுகிற நேரம், கருத்தக்கண்ணன் படியில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருக்கிறான். மேலைத் தொட்டால் அடுப்பாகக் கொதிக்கிறது. வீட்டில் உன் அம்மா ஆரத்தி கரைத்து வைத்துக் காத்திருப்பாள் என்பது எனக்குத் தெரியும். பஞ்சம்மாளைப் பார்த்தேன். அவன் தோளிலிருந்து பையைக் கழற்றி அவளே என்னிடம் நீட்டினாள். நீ வீட்டுக்குப் போ ஆத்தா என்றேன். போகவில்லை, வண்டியில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். லோயர் கேம்ப்புக்கு ஒரு டிக்கெட் என்று காசை நீட்டினாள். உனக்கு எதற்கு என்றேன். “வாங்குங்கய்யா, டிக்கெட் இல்லாம ஒரு ஆளு இருந்தா அதுக்கும் பர்மிட்டைப் புடுங்கிருவாக” என்றாள். வாங்கிக்கொண்டு கிழித்துக் கொடுத்தேன்.

லோயர் கேம்ப்பில் ஜனம் இறங்கின பிறகு அவளும் இறங்கினாள். “அன்னைக்கு எங்கன நின்னீக?” என்று கேட்டாள். மரத்தைக் காட்டினேன். அங்கே போய், நான் நின்ற இடத்தில், ரோட்டைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றாள். ஏசுதாசனுக்குச் சும்மா இருக்க முடியவில்லை, “தங்கச்சி, உன் கெட்டிமேளத்தைக் கேளு” என்று ஹாரனை அமுக்கினான். சிரித்துவிட்டாள், அம்மாவாசி, கல்யாணத்துக்குப் பிறகு என் முன்னால் அன்றுதான் சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நாளைக்கு என் பிள்ளைக்குக் காது குத்துனா மாமன் மடி வேணும், தாத்தா வேணும். அன்னைக்கும் அண்ணன் அங்கன, நீங்க இங்கனதானாய்யா?” என்று கேட்டாள். அவள் கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதற்குள் ஏசுதாசன் நேரமாயிருச்சு என்றான். நான் விசில் கொடுத்தேன், அவளும் ஏறிக்கொண்டாள்.

நீ வேலையை விட்டு வந்து இரண்டாவது வண்டிக்கு உன் பேரில் மனுப் போடுவதாக எழுதியிருக்கிறாய். இரண்டு வண்டி இருந்தால் ஒன்று கல்யாணத்துக்குப் போகலாம், அது சரி. ஆனால் நான் நிற்கிற இடத்தில் நீயும் வந்து நிற்பாயே என்றும் தோன்றுகிறது. வா என்று எழுதவும் கை வரவில்லை, வராதே என்று எழுதவும் வரவில்லை. நீயே யோசி. வந்து போர்டு முன்னால் நின்றால், கேட்டதற்கு மட்டும் பதில் சொல், எவன் சிரித்தாலும் சிரிக்கட்டும்.

கொதிக்க வைத்த தண்ணீரையே குடி. உன் அம்மா பஞ்சம்மாளிடம் சொல்லி என்னிடம் சொல்லச் சொன்னது இது. சுருளி வேலப்பர் உன்னை எந்தக் கெடுதலும் அண்டாமல் காக்கட்டும். பஞ்சம்மாளுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, மறந்துவிடாதே. முதல் நடைக்கு நேரமாகிறது.

உன் அய்யா,
மொக்கைச்சாமி