இடம் மாறிய கட்டில்

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல எழுதுவது நான்தான். பீரோவை நகர்த்தியதில் அவள் வலது மணிக்கட்டு பிசகிவிட்டது. நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக எழுதுவேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். முதலில் அவள் கேட்கச் சொன்னது: வேளைக்குச் சாப்பிடுகிறாயா, கம்பளிச் சட்டை வாங்கினாயா? இங்கே எல்லோரும் நலம், அப்பா உட்பட. அந்த "உட்பட"வைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

வாசல் மரத்தில் விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் இலைகள் மிச்சம், சாயங்காலமே இருட்டிவிடுகிறது. மழையில் படியில் வழுக்கி விழுந்த பிறகு, முறிந்த இடுப்பெலும்பு கூடியும், அப்பா தனியாக ஓரடி வைக்காதது உனக்குத் தெரியும். எலும்புல ஒண்ணுமில்ல, பயம்தான் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார். அப்பா நடக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று நீ எழுதியதைப் படித்ததும் அம்மா நேரே போய்க் கூடத்தைப் புரட்டிப்போட ஆரம்பித்துவிட்டாள். பீரோ மூலைக்கு, சோபா நடுவுக்கு, கட்டில் ஜன்னலோரத்துக்கு. கொஞ்சம் இறங்கி உட்காருங்க என்றால் அப்பா, டிரைவர் எங்கயாவது வண்டிய விட்டு இறங்குவானா என்கிறார். அவரோடு சேர்த்துத்தான் தள்ளினோம். மேலே உட்கார்ந்து, வரலாம் வரலாம், ஒடி ஒடி என்று பஸ்ஸைப் பின்னால் எடுப்பதுபோல் உத்தரவு வேறு. புது இடத்திலிருந்து டிவி நன்றாகத் தெரிகிறது, ஆனால் முன்பு கைக்கெட்டிய விளக்குச் சுவிட்ச் மறுகோடிக்குப் போய்விட்டது. அதை யாருமே யோசிக்கவில்லை.

நேற்று நாங்கள் பார்க்கும் போர்க்கால நாடகத்தில் அபாயச் சங்கு ஊதியது. ஊரெல்லாம் விளக்கை அணைக்கிறார்கள், அதில் வரும் தையல்காரி வீட்டு மாடியில் மட்டும் ஒன்று எரிகிறது. விமானச் சத்தம் நெருங்குகிறது. அணைடி, அணைச்சுத் தொலைடி என்று கத்திக்கொண்டே அப்பா எழுந்தார். போர்வை கீழே விழுந்தது. சோபாவின் முதுகை ஒருமுறை தொட்டார், அப்புறம் எதையும் தொடவில்லை, கூடத்தைக் கடந்து போய் நம் வீட்டு விளக்கை அணைத்தார். கத்தப்போன என் வாயை அம்மா இடது கையால் பொத்தினாள். டிவி வெளிச்சத்தில் அவர் நின்றார். அப்பா இவ்வளவு உயரம் என்பதையே நான் மறந்துவிட்டிருந்தேன், அக்கா. ஏன் ரெண்டு பேரும் அழறீங்க, இன்னும் யாரும் சாகலையே என்றார். பிறகு குனிந்து, யாருடைய கால்களையோ பார்ப்பதுபோல் தன் கால்களைப் பார்த்தார்.

வேலையை விடாதேன்னு பெருசா எழுது, லீவுல வந்து பாத்துட்டுப் போகட்டும் என்கிறாள் அம்மா. எடுத்த காரியமெல்லாம் உனக்குக் கைகூட வேண்டும் என்று இருவரும் வாழ்த்துகிறார்கள். காதை மூடாமல் வெளியே போகாதே.

இப்படிக்கு,
உன் அம்மா, அப்பா
(கையெழுத்து தங்கையுடையது)

எழுதினது போதும், கண்ணு கெட்டுடும் என்று அப்பா இதோ எழுந்து போகிறார். வரி கோணினால் மன்னித்துக்கொள், விளக்கை அணைத்துவிட்டார்.