இலையில் வைத்த மாத்திரைகள்

செப். 21, ஞாயிறு. அமாவாசை.

காலையிலிருந்து தூறல். அப்பா போன பிறகு வரும் முதல் மகாளய அமாவாசை. வடை, பூசணிக்காய், பாயசம். இலையோரம் அவருடைய பிரஷர் மாத்திரைகள் ஆறு. அம்மாதான் அட்டையிலிருந்து பிரித்து வைத்தாள். கம்பெனி பிரஸ் ஷாப்பில், தகடு அழுத்தும் மெஷினில், விரல் நுனிகள் போனதிலிருந்து அப்பாவுக்கு அட்டை பிரிக்க வராது.

கற்பூரம் காட்டினோம். அவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம். உள்ளே இலை சரசரத்தது. அம்மா என் கையைப் பிடித்தாள். "சாப்பிடறாரு."

இத்தனை புத்தகம் படித்தும், ஒரு கணம் நானும் நம்பினேன்.

திறந்தால் ஜிம்மி. அப்பாவின் நாய். கட்டிலுக்கடியில் இருந்திருக்கிறது. வடை இல்லை. மாத்திரை ஒன்றுகூட இல்லை.

பக்கத்து வீட்டு மஞ்சுளாக்கா வாந்தியெடுக்க வைக்க உப்புத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்தாள். நான் நாய் டாக்டருக்குப் போன் செய்தேன். உப்புத் தண்ணீர் ஊற்றவே கூடாதாம், அதுவே ஆபத்தாம். மயக்கம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கவும் கூடாது. காலி அட்டையோடு உடனே வரணும்.

அம்மா வாசலை மறித்தாள். "அவரு சாப்பிட்டத வெளிய எடுக்காதடி."

"ஜிம்மி செத்துரும்மா."

விலகினாள். ஆட்டோவில் ஏறவில்லை.

ஊசி போட்டு வாந்தி. மூன்று மாத்திரை முழுதாக வந்தது. மீதி கரைந்துவிட்டது. இதயத்துடிப்பு இறங்குகிறது. சலைன். இங்கேயே இருக்கட்டும், நாளைக்குத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர்.

செப். 22, திங்கள்

கம்பெனியில் எனக்கு ஜெனரல் ஷிப்ட். மெஷின் சத்தத்துக்கு நடுவிலும் அந்த இலைச் சரசரப்பு. சாப்பாட்டு நேரத்தில் டாக்டர் பேசினார். எழுந்துவிட்டதாம், தண்ணீர் குடித்ததாம். பாத்ரூமில் போய் அழுதேன். அப்பாவுக்குக்கூட அப்படி அழவில்லை.

செப். 24, புதன்

வாங்க வேண்டியது: தயிர், சோப்பு, பீரோவுக்குப் பூட்டு.

ஜிம்மி வீட்டில். இளைத்திருக்கிறது. அப்பாவின் மாத்திரைகளையெல்லாம் எடுத்துப் பையில் கட்டினேன். சர்க்கரை மாத்திரை அட்டை மட்டும் காணோம். அம்மாவுக்குத் தெரியாதாம்.

சாயங்காலம் தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன். அப்பா இறங்கும் நேரம். ஜிம்மி வாசலுக்குப் போய் உட்கார்ந்தது. அம்மா தயிர்ச்சோறு பிசைந்து எடுத்துவந்து அதன் முன்னால் வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"சாப்பிடுங்க," என்றாள்.

அவள் இடது கை மூடியிருந்தது. விரல்களைப் பிரித்தேன். சர்க்கரை மாத்திரை. வியர்வையில் பாதி கரைந்திருந்தது.