கீழே நட்டைப் பிடிக்கும் ஆள்

மே 3, ஞாயிறு

பாய்மரப் படகில் கயிறு கட்டும் பழைய கிளீற்றை இன்று மாற்றினோம். மேல்தளத்தில் ஒருவர் போல்ட்டைத் திருப்ப, கீழே அறைக்குள் இன்னொருவர் நட்டைப் பிடிக்கவேண்டும். எப்போதும் கீழே இருப்பது என் மனைவி மாலாதான். பேரனைப் பார்க்கவென்று பிக்கரிங்கில் மகள் வீட்டுக்குப் போனவள், குளிர்காலம் முடிந்தும் திரும்பவில்லை. இன்று என் தம்பி சிவா இறங்கினான்.

"பிடிச்சிட்டீரோ?" என்று பழக்கத்தில் கத்திவிட்டேன்.

"என்ன அண்ணை, எனக்கும் நீரோ?" என்று சிரித்தான்.

மாலாவைத் தவிர வேறு யாரையும் நான் 'நீர்' என்பதில்லை. அவனுக்கும் அது உறைத்திருக்கவேண்டும். சிரிப்பு நின்றது.

"ஓம், பிடிச்சிட்டன். திருப்புங்கோ."

புதியது உடனே இறுகிவிட்டது. மாலா பிடிக்க நான் இறுக்கிய பழையதைக் கழற்றத்தான் பகல் முழுவதும் போயிற்று.